பெயர்ப் பலகையும் வழக்குக் கட்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவென்றால் அரசமைப்புச் சட்டம், நீதித்துறையின் சுதந்திரம் என்று பெரிய பொருளாக எடுத்துக்கொள்வது மரபு. நான் எடுத்துக்கொண்டிருப்பது அன்றாடப் பொருள். ஒரு தொழில் நிறுவனத்துக்குச் சட்டச் சிக்கல் வருகிறது. நூற்றுக்கணக்கான வக்கீல்களும் பல நகரங்களில் அலுவலகங்களும் உள்ள பெரிய சட்ட நிறுவனத்திடம் போவதா? ஒரே துறையில் ஊறிப்போன, பத்துப் பதினைந்து பேர் மட்டுமே இருக்கும் சிறிய நிறுவனத்திடம் போவதா? இந்த இரண்டாவது வகையை வக்கீல்கள் ‘பூட்டிக் ஃபர்ம்’ என்பார்கள். நான் தனித்துறை நிறுவனம் என்றே சொல்லிப் போகிறேன்.

இதைப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றுதான். வக்கீலாகப் பதிவு செய்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் சில காலம் சீனியருக்குப் பின்னால் கேஸ் கட்டோடு நடந்துவிட்டு, பிறகு ஓர் உற்பத்தி நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குச் சம்பளத்துக்குப் போனவன் நான். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீல் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. சன்னதை நிறுத்திவைத்தேன். அன்றிலிருந்து கோர்ட்டில் நான் கட்சிக்காரன். வக்கீலைத் தேடுவது, அமர்த்துவது, கூடவே உட்கார்வது, பில்லைச் சரிபார்ப்பது, தேவைப்பட்டால் மாற்றுவது என்றே காலம் போயிருக்கிறது. வாங்கும் பக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

சொல்ல வந்தது இது: நிறுவனத்தின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, சிக்கலின் வடிவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அகலமான சிக்கலுக்குப் பல கைகள் வேண்டும். ஆழமான சிக்கலுக்கு ஒரு தலை வேண்டும். எந்தச் சிக்கல் எந்த வடிவம் என்று பிரித்தறிவது கட்சிக்காரரின் வேலை. அதை வக்கீலிடம் விட்டால், அவரவர் கடையில் இருக்கும் சரக்கே நமக்கு வேண்டிய சரக்கு என்று ஆகிவிடும்.

வேலியும் வளர்ச்சியும்

நம் நாட்டில் மிகப் பெரிய சட்ட நிறுவனம் என்பது அண்மைக் காலத்து வளர்ச்சி. பழைய நிறுவனங்கள் இல்லாமலில்லை. பம்பாயில் கிராஃபோர்ட் பெய்லி 1830இல் தோன்றியது. கல்கத்தாவில் கைத்தான் 1911இலும், பம்பாயில் அமர்சந்த் மங்கள்தாஸ் 1917இலும் தொடங்கின. ஆனால் 1956ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 11ஆம் பிரிவு, லாப நோக்கில் நடக்கும் கூட்டுத் தொழிலில் 20 பேருக்கு மேல் பங்காளிகள் சேரக் கூடாது என்று வேலி போட்டிருந்தது. சட்ட நிறுவனங்களும் அந்த வேலிக்குள்தான் இருந்தன. விளம்பரம் செய்யவும் பார் கவுன்சில் விடவில்லை. ஆகவே வக்கீல் தொழில் குடும்பத்தையும் சேம்பரையும் சுற்றியே வளர்ந்தது. தம்புச் செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரத் தெருவிலும் மாடிப்படி ஏறிப் போய்ப் பார்க்கும் வக்கீல் ஆபீஸ் அந்த உலகத்தின் மிச்சம்.

1991க்குப் பிறகு வெளிநாட்டு முதலீடு வந்தது, வேலை பெருகியது. 2008ஆம் ஆண்டு வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் பங்காளிகளின் எண்ணிக்கைக்கு இருந்த தடை நீங்கியது. இன்று நாட்டின் முன்னணி நிறுவனங்களில் பார்ட்னர்கள் மட்டுமே நூற்றைத் தாண்டுகிறார்கள்.

தனித்துறை நிறுவனத்தின் வரலாறோ இந்த வளர்ச்சிக்கு முந்தையது. இந்தியாவில் கண்டுபிடிப்புகளுக்கான முதல் சட்டம் 1856இல் வந்தது. உடனே கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்பவர் பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு விண்ணப்பம் போட்டார். நாட்டின் முதல் காப்புரிமை விண்ணப்பம் அது. அவர் பெயரைத் தாங்கிய காப்புரிமை நிறுவனம் இன்று சென்னையில் தொழில் நடத்துகிறது. நம் காலத்து உதாரணம் வேண்டுமானால், 1985இல் டெல்லியில் தொடங்கிய லட்சுமிகுமாரன் அண்ட் ஸ்ரீதரன் இருக்கிறது. சுங்கம், கலால் என்று பிறர் ஒதுக்கிவைத்த வறண்ட துறைகளையே பிடித்துக்கொண்டு வளர்ந்து, இப்போது பல நகரங்களில் அலுவலகம் வைத்திருக்கிறது. தனித்துறையில் வெற்றி பெற்ற நிறுவனம் பெரிய நிறுவனமாகிவிடுவதும் உண்டு என்பதை மனதில் வையுங்கள். எந்தப் பெயரும் என்றென்றும் ஒரே பட்டியலில் இருப்பதில்லை.

பெரிய நிறுவனம் எதை விற்கிறது

இன்றைய பெரிய சட்ட நிறுவனத்தின் அச்சு நியூயார்க்கில் வார்க்கப்பட்டது. 1899இல் பால் கிராவத் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் அவர் பெயரே அதற்கு வந்தது. நல்ல சட்டக் கல்லூரிகளிலிருந்து நேராக ஆள் எடுப்பது, சம்பளம் கொடுத்துப் பல வகை வேலைகளில் பழக்குவது, சில ஆண்டுகளில் தேறியவரைப் பார்ட்னராக்கி மற்றவரை அனுப்பிவிடுவது என்பது அவர் வகுத்த முறை. மேலே சில பார்ட்னர்கள், கீழே பல அசோசியேட்கள் என்ற கூம்பு அப்படித்தான் உருவானது. அடியில் இருப்பவர்களின் உழைப்பில் அவர்கள் சம்பளம் போக மிஞ்சுவது மேலே போகிறது. இது குற்றச்சாட்டு அன்று, கணக்கு. கட்சிக்காரருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

தொழில்முறைச் சேவை நிறுவனங்களை ஆராய்ந்த டேவிட் மைஸ்டர், 1993இல் வந்த தன் நூலில் வேலைகளை மூன்றாகப் பிரித்தார். மூளை கேட்கும் வேலை, நரைமுடி கேட்கும் வேலை, நடைமுறை கேட்கும் வேலை. இதுவரை யாரும் சந்திக்காத சிக்கலுக்கு மூளை வேண்டும். பிறர் சந்தித்த, நமக்கு மட்டும் புதிதான சிக்கலுக்கு அனுபவம் வேண்டும். வழி தெரிந்த வேலையை வேகமாகவும் பிழையில்லாமலும் முடிக்க ஆள் பலம் வேண்டும். கூம்பின் அடி அகலமாக இருக்கும் நிறுவனம் மூன்றாவது வகையை நன்றாகச் செய்யும். அடி குறுகிய நிறுவனம் முதல் வகைக்குப் பொருந்தும். இரண்டாவதுக்கு இருவரும் போட்டி போடுவார்கள்.

மூன்றாவது வகையை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தும் ஒரு கம்பெனியை வெளிநாட்டு நிறுவனம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோமே, அதன் பெரிய வடிவம் ஒன்று நடக்கும். டியூ டிலிஜென்ஸ் என்பார்கள். சிப்காட் குத்தகைப் பத்திரத்தில் என்ன நிபந்தனை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு எந்தத் தேதி வரை, ஒப்பந்தத் தொழிலாளருக்கு வருங்கால வைப்பு நிதி கட்டியிருக்கிறார்களா, வங்கியிடம் எது அடமானம், புனேயில் இருக்கும் இரண்டாவது ஆலைக்கு மகாராஷ்டிர முத்திரைத் தீர்வை எவ்வளவு, அன்னியச் செலாவணி விதி என்ன சொல்கிறது, போட்டி ஆணையத்தின் அனுமதி தேவையா என்று கேள்விகள் கிளம்பும். கம்பெனி பங்குச் சந்தையில் இருந்தால் இன்னொன்றும் சேரும். 25 சதவீதப் பங்கை எட்டினால், மேலும் 26 சதவீதத்துக்குப் பொதுப் பங்குதாரர்களிடம் திறந்த அழைப்பு விட வேண்டும் என்பது செபி விதி. ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கையெழுத்துத் தேதியோ ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும்.

இந்த வேலையை எட்டுப் பேர் இருக்கும் நிறுவனத்திடம் கொடுத்தால், அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் திணறிப்போவார்கள். அவர்களே வெளியிலிருந்து தொழிலாளர் சட்டத்துக்கு ஒருவர், வரிக்கு ஒருவர் என்று கூட்டிவருவார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்திருக்க மாட்டார். பெரிய நிறுவனத்தில் இத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒருவர் கண்ட ஓட்டை மற்றவரின் ஒப்பந்தத்தில் ஷரத்தாக ஏறுகிறது. அதற்குத்தான் விலை. அகலமான சிக்கலில் அந்த விலை நியாயமானது.

பலகையில் ஒருவர், கட்டில் இன்னொருவர்

பெரிய நிறுவனத்தில் கட்சிக்காரர் சந்திக்கும் முதல் தொல்லை, பேச வந்தவர் வேறு, வேலை செய்பவர் வேறு என்பது. முதல் கூட்டத்துக்கு மூத்த பார்ட்னர் வருவார். நம் தொழிலைப் பற்றி நாமே யோசிக்காததை நாலு வார்த்தையில் சொல்லிவிடுவார். வேலையைக் கொடுத்துவிட்டு வருவோம். அடுத்த மாதம் முதல் வரைவு வரும். அதை எழுதியவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

எங்களுக்கு வந்த ஒரு பில்லை இன்னும் எடுத்துவைத்திருக்கிறேன். அனுப்பியவர் பெயர் வேண்டாம். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில் ஒரு மணியைப் பத்தாகப் பிரித்து ஆறு நிமிடத்துக்கு ஒரு பதிவு போடுவார்கள். அந்த பில்லில், தொலைபேசி ஆலோசனை ஒன்றுக்கு நாலு பேரின் நேரம் ஏறியிருந்தது. பேசியவர் ஒருவர்தான். மற்ற மூவர் எதற்கு என்று கேட்டேன். விஷயத்தில் தொடர்ச்சி இருக்க வேண்டுமே என்றார்கள். மூன்று மாதத்தில் அந்த மூவரில் இருவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். தொடர்ச்சிக்கு நாங்கள் கட்டிய பணம் அவர்களோடு போயிற்று.

இரண்டாவது தொல்லை நலன் முரண். நிறுவனம் பெருகப் பெருகக் கட்சிக்காரர்களும் பெருகுவார்கள். ஒருவருக்கு எதிராக இன்னொருவர் நிற்கும் நாள் வந்தே தீரும். ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 33ஆம் விதி. விதிக்கு வெளியேயும் ஒரு சங்கடம் உண்டு. நாம் வழக்குப் போட நினைக்கும் வங்கி அந்த நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளராக இருந்தால், வேறு விவகாரமாகவே இருந்தாலும் கை நடுங்கும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் 1997இல் நடந்தது. டேவிட் பாய்ஸ், கிராவத் நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளாக இருந்த வழக்காடி. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்காக அவர் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பில் இருந்த அணிகளில் ஒன்று டைம் வார்னருக்குச் சொந்தம். டைம் வார்னர் கிராவத்தின் முக்கியக் கட்சிக்காரர். வழக்கா, நிறுவனமா என்ற நிலை வந்தது. பாய்ஸ் நிறுவனத்தை விட்டு வெளியேறித் தனியே தொடங்கினார். அதே ஆண்டு இறுதியில் மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்குக்காக அமெரிக்க அரசின் நீதித் துறை அவரை அமர்த்தியது. பெரிய இடத்தில் இருக்கும் நல்ல வக்கீல் நமக்குக் கிடைக்காமல் போக, அவருடைய திறமைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள் இருக்கலாம்.

பெரியது நிலையானது என்ற நம்பிக்கையும் முழு உண்மையில்லை. 2007இல் இணைப்பால் உருவான டூயி அண்ட் லெபஃப், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வக்கீல்களைக் கொண்டிருந்தது. பார்ட்னர்களுக்கு இவ்வளவு கொடுத்தே தீருவோம் என்று வாக்களித்த பணத்தின் பாரம் தாங்காமல் 2012 மே மாதம் திவாலானது. நம் நாட்டில் அமர்சந்த் மங்கள்தாஸ் 2015இல் சகோதரர்கள் இருவரிடையே டெல்லி ஒன்றாகவும் மும்பை ஒன்றாகவும் பிரிந்தது. இரண்டும் இன்று நன்றாகவே நடக்கின்றன. ஆனாலும் பிரிவினை நடந்த மாதங்களில், தன் விவகாரம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்க வேண்டிய நிலை கட்சிக்காரருக்கு வந்தது.

இன்ஜினுக்குள்ளா, வெளியிலா

இனி ஆழத்துக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்தில் நாங்கள் இறக்கிய ஒரு பல்சக்கரத்துக்குச் சுங்கத் துறை நோட்டீஸ் கொடுத்தது. நாங்கள் 8483 என்ற தலைப்பில் தீர்வை கட்டியிருந்தோம். வாகன உதிரிபாகம், 8708இல்தான் வரும், வித்தியாசத் தொகையைக் கட்டு என்றார்கள். எங்கள் பிரிவில் எல்லோரும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினோம். கடைசியில் சுங்க வழக்குகளை மட்டுமே பார்க்கும் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் குறிப்பைப் புரட்டக்கூட இல்லை. “சார், பொருளைக் கொண்டுவந்திருக்கீங்களா?” என்றார். கொண்டுபோயிருந்தோம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது இன்ஜினுக்குள்ள உட்காருமா, வெளிய நிக்குமா?” என்று கேட்டார்.

சுங்க அட்டவணையின் 17ஆம் பகுதியில் 2ஆம் குறிப்பு இருக்கிறது. 8483இல் வரும் பொருள் இன்ஜினின் உள்ளுறுப்பாக இருந்தால் அது வாகன உதிரிபாகம் என்ற வகைக்குள் வராது. வெளியே நின்றால் வந்துவிடும். தகராறு முழுக்க அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. அவருக்குப் பதினைந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. எங்கள் பொறியாளர் வரைபடத்தைக் கொண்டுவந்தார். பதில் மனு அதைச் சுற்றியே எழுதப்பட்டது. ஒரே அட்டவணையை ஆண்டுக்கணக்கில் படித்தவருக்குத்தான் எதைப் படிக்க வேண்டாம் என்பது தெரியும். தனித்துறை நிறுவனம் விற்பது அந்தத் தெரிவைத்தான்.

பெரிய அளவிலும் இதைப் பார்த்திருக்கிறோம். ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006இல் இங்கேயே அது நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம், சென்னையில் அமைந்திருந்த மேல்முறையீட்டு வாரியம் என்று நடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எதிர்த்த தரப்புகளில் ஒன்று புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம். அதற்காக வழக்காடியது லாயர்ஸ் கலெக்டிவ் என்ற சிறிய அமைப்பும் ஆனந்த் குரோவரும். காப்புரிமைச் சட்டம் 3(டி) பிரிவு, தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்குக் கூடுதல் பலன் இருக்க வேண்டும் என்கிறது. புதிய வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று நோவார்ட்டிஸ் காட்டியது. கூடுதலாகச் சேர்வது வேறு, நோயைக் கூடுதலாகத் தீர்ப்பது வேறு என்றது நீதிமன்றம். அதோடு, பழைய காப்புரிமையே இந்த மருந்தையும் உள்ளடக்கும் என்று அமெரிக்காவில் அதே நிறுவனம் அதிகாரிகளிடம் சொன்னதையும் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. வேறொரு நாட்டின் கோப்பில் எதிராளி எழுதிக் கொடுத்த வரியைத் தேடிப் படிக்க ஆள் கூட்டம் வேண்டியதில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த சிலர் போதும்.

வெளிநாட்டிலும் இதைக் காணலாம். அமெரிக்காவில் 2023இல் டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனம் ஃபாக்ஸ் தொலைக்காட்சியிடம் 78.75 கோடி டாலருக்கு அவதூறு வழக்கை முடித்துக்கொண்டது. டொமினியன் அமர்த்தியவர்கள் இருவர்: அவதூறு வழக்குகளில் தேர்ந்த கிளேர் லாக், வழக்காடுவதையே தொழிலாகக் கொண்ட சுஸ்மன் காட்ஃப்ரே. இரண்டுமே தனித்துறை நிறுவனங்கள்.

நாள் கணக்கு

ஆழம் என்றால் நுட்பமான வாதம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பல வேளைகளில் அது வெறும் தேதிக் கணக்கு. திவால் சட்டத்தில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. சென்னைத் தீர்ப்பாயம் 2019 டிசம்பர் 31 அன்று ஓர் ஆணையை அறிவித்தது. ஆணை இணையத்தில் ஏறியது 2020 மார்ச்சில். ஜூனில் மேல்முறையீடு போடப்பட்டது. நகல் கையில் கிடைத்த நாளிலிருந்துதானே கணக்கு என்று கேட்டால் நம்மில் பலரும் ஆமாம் என்போம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நாகராஜன் எதிர் எஸ்கேஎஸ் இஸ்பாட் வழக்கில், ஆணை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கு தொடங்கும் என்றது. நகலுக்கு மனுப் போட்டிருந்தால் அதற்கு ஆன நாளைக் கழிக்கலாம். மனுவே போடாமல் இலவச நகலுக்குக் காத்திருந்தவருக்குச் சலுகை இல்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் நீட்டிக்கப்பட்ட காலக்கெடுவும் உதவவில்லை. 45 நாளும் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது.

திவால் வழக்குகளை மட்டும் நடத்தும் நிறுவனத்தில் ஆணை வாசிக்கப்பட்ட அன்றே குமாஸ்தா நகல் மனுவோடு நிற்பார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் தீர்ப்புகளைப் படிப்பதால் மட்டும் வருவதில்லை. தினமும் அதே கூடத்தில் நிற்பதால் வருவது.

தனித்துறையின் குறைகள்

இவ்வளவு சொன்னதால் சிறிய நிறுவனத்துக்கு நான் பிரசாரம் செய்வதாக நினைக்க வேண்டாம். அங்கும் ஓட்டைகள் உண்டு. முதலாவது, எல்லாமே ஒருவரைச் சுற்றி நிற்கும். அவர் படுத்துவிட்டால் வாய்தா வாங்குவதைத் தவிர வழியிருக்காது. நல்ல ஜூனியர் தனியே போய்விட்டால் நம் வழக்கின் பாதி நினைவும் அவரோடு போகும். இரண்டாவது, காப்புரிமை வக்கீலுக்கு எல்லாம் காப்புரிமைத் தகராறாகவே தெரியும். பேசித் தீர்க்க வேண்டியதையும் வழக்காடியே தீர்க்கப் பார்ப்பார்.

மூன்றாவதற்குப் பஜாஜ்–டிவிஎஸ் வழக்கை நினைத்துப் பாருங்கள். சிறிய இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் பொருத்தும் நுட்பத்தைப் பற்றிய தகராறு. 2007இல் டிவிஎஸ் ஒரு வழக்கும் பஜாஜ் ஒரு வழக்குமாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை வந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நாலு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றது. காப்புரிமையின் உரிமைக்கோரல் வாசகத்தை எப்படிப் படிப்பது என்பது தனித்துறைக் கேள்வி. ஆனால் தடை இருந்த காலத்தில் டிவிஎஸ் தன் ஃப்ளேம் வண்டியை ஒற்றைப் பிளக்கோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. வண்டியை மாற்றி விற்பதா, டீலருக்கு என்ன சொல்வது, செய்த செலவு என்னாவது என்பவை காப்புரிமை வக்கீலின் வேலைக்குள் அடங்காதவை. ஆழமாகத் தொடங்கும் சிக்கல் நடுவில் அகலமாகிவிடுவதும் உண்டு. அப்போது தனித்துறை நிறுவனத்துக்குப் பக்கத்தில் இன்னொருவரும் தேவைப்படுவார்.

வாதாடுபவர் யார்

நம் நாட்டுக்கே உரிய ஒரு வசதியை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வழக்காடியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். இங்கே அப்படியில்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் வக்காலத்துப் போட முடியாது. கட்சிக்காரரிடம் நேராக வேலை வாங்கவும் முடியாது. இன்னொரு வக்கீல் பிரீஃப் கொடுத்துத்தான் அவர் எழுந்து நிற்பார். பெரிய நிறுவனமும் அவரிடம் போகலாம், இருவர் மட்டுமே உள்ள சேம்பரும் போகலாம். ஆக, பெரியதா சிறியதா என்று நாம் தேர்ந்தெடுக்கும்போது, எழுந்து நின்று பேசும் குரலைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் குரலுக்குக் கீழே குறிப்பை வைப்பவரையே தேர்ந்தெடுக்கிறோம். சீனியரோடு நடக்கும் கான்ஃபரன்சில் அவர் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு யார் பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். பார்ட்னர் ஜூனியரைத் திரும்பிப் பார்த்தால், வழக்கு யார் கையில் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

எப்படித் தேடுவது, என்ன கேட்பது

பார் கவுன்சிலின் 36ஆம் விதி வக்கீல் விளம்பரத்தைத் தடுக்கிறது. 2008க்குப் பிறகு இணையத்தில் பெயர், முகவரி, துறை போன்ற சில விவரங்களைப் போட மட்டும் அனுமதி உண்டு. ஆகவே விருதுப் பட்டியலையும் வாய்ச்சொல்லையும் நம்பிப் போகிறோம். அதைவிட நல்ல வழி, உங்கள் துறையில் வந்த சமீபத்திய தீர்ப்புகளை எடுத்து, தலைப்பில் ஆஜரானவர்கள் பெயரைப் பார்ப்பது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் போய்ப் பாருங்கள். தோற்ற தரப்பின் வக்கீலையும் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ட வழக்கை அவர் எப்படி நடத்தினார் என்பது தீர்ப்பிலேயே தெரியும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை சில. என் கட்டை யார் படிக்கப்போகிறார், அவரை இப்போது பார்க்க முடியுமா? இதே கேள்வியை இதற்கு முன் எந்த வழக்கில் எதிர்கொண்டீர்கள்? எதிர்த்தரப்பு உங்களிடம் எப்போதாவது வந்திருக்கிறதா? நீங்கள் இல்லாத நாளில் யார் நிற்பார்? கட்டணம் மணிக்கா, கட்டத்துக்கா, மொத்தத்துக்கா, மேல் வரம்பு உண்டா? ஜெயித்தால் இவ்வளவு என்று யாராவது பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவதை 20ஆம் விதி தடை செய்கிறது. கடைசியாக, இந்த விவகாரம் உங்களுக்குப் பொருந்தாததென்றால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர் நம்பத் தகுந்தவர்.

தேர்ந்தெடுப்பவரின் மனத்தையும் கொஞ்சம் சோதிக்க வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிகளில் பெரிய நிறுவனத்தை அமர்த்துவதற்கு ஒரு சொல்லாத காரணம் உண்டு: தோற்றாலும் இயக்குநர் குழு கேள்வி கேட்காது. நாட்டிலேயே பெரிய இடத்துக்குத்தானே போனோம் என்று தப்பித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி வழக்குக்கு, ஒரு பகுதி அதிகாரியின் தூக்கத்துக்கு. சிறிய தொழிலில் இதற்கு நேர்மாறு. கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்த வக்கீலே சுங்க நோட்டீசுக்கும் பதில் எழுதுவார். அவர் தெரிந்தவர், பணம் மெல்லக் கொடுக்கலாம். இரண்டு பேருமே சிக்கலைப் பார்க்கவில்லை.

சிறு தொழில் நடத்துபவர்களுக்கு என் யோசனை, ஊர் வக்கீலை விட்டுவிடாதீர்கள் என்பதுதான். உங்கள் குடும்பம், நிலம், கடன், பங்காளித் தகராறு எல்லாம் தெரிந்தவர் அவர். சிக்கல் எந்த வடிவம் என்று முதலில் சொல்லக்கூடியவரும் அவரே. நோட்டீசுக்கு அவர் பதில் எழுத வேண்டாம். யாரிடம் போக வேண்டும் என்று சொல்லட்டும், கூடவே வரட்டும். அதற்குத் தனியாக ஃபீஸ் கொடுங்கள். மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வளாகத் தேர்வில் பெரிய நிறுவனத்துக்குப் போவதும், ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு சேம்பரில் உட்கார்வதும் மட்டுமே வழிகள் என்று நினைக்கிறீர்கள். வழக்கின் வடிவத்தைப் பார்த்துச் சொல்லும் மூன்றாவது வேலைக்கு ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஆள் தேவை இருக்கிறது.

முடிக்கிறேன். அடுத்த நோட்டீஸ் வரும்போது எந்த வக்கீல் பெயரையும் நினைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் இந்தத் தகராறு முடியும் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், அந்தக் கேள்வியோடு வாழும் தனித்துறை வக்கீலிடம் போங்கள். ஒரு வரிக்குப் பதில் பத்து வரி வந்து, பத்தும் வெவ்வேறு சட்டமாக இருந்தால், பெரிய நிறுவனத்தின் விலையைக் கொடுங்கள். எதுவுமே எழுத வரவில்லையென்றால் யாருக்கும் வக்காலத்துக் கொடுக்காதீர்கள். அந்த வரியை எழுதித் தரக்கூடியவருக்கு முதல் ஃபீசைக் கொடுங்கள்.